சொல்லாமல் போனவர்களுக்குப் போன் செய்தேன்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். உசிலம்பட்டி பக்கம் காய்கறி போடுகிறவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஒன்று தொடங்கப் போகிறாராம். "அண்ணே, மெம்பர்கள்கிட்ட குறை நிறை கேக்குறதுக்கு மாசம் ஒரு ஓட்டெடுப்பு வச்சாப் போதும்ல?" என்று கேட்டார். போதாது என்றேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் தோட்டத்தில் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட ஓடிவிட்டார். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம். அரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. 2019ல் அக்கம்பக்கத்துப் பூ விவசாயிகள் முப்பது பேரைச் சேர்த்து ஒரு குரூப் தொடங்கினேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இன்றைக்கு என்ன விலை, யார் தோட்டத்தில் மொட்டுப்புழு, கவாத்துக்கு, அதாவது செடியை வெட்டிவிட, ஆள் எங்கே கிடைக்கும், இதுதான் பேச்சு. அப்போது ஒரு குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. 2022ல் அது 512 ஆகி, அதே வருடம் 1024 ஆனது. நாங்களும் கூடவே வளர்ந்து அறுநூறைத் தாண்டிவிட்டோம்.

முதல் குறை வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வலையங்குளம் பக்கத்து அண்ணன் ஒருவர், "நீ போடுற விலை பொய்யி. உன்னைய நம்பிப் பூவைக் கொண்டுபோனேன், கிலோவுக்கு இருநூறு ரூவா கம்மியாக் கெடச்சுச்சு" என்று எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டார். தினமும் விடியற்காலையில் நாலு கமிஷன் கடைக்குப் போன் போட்டு விசாரித்து எழுதுகிறவனைப் பொய்யன் என்றால் எப்படி இருக்கும்? ஒரு நாள் முழுக்க அவருக்குப் பதில் போடவில்லை. அப்புறம் யோசித்தால், நான் விசாரித்தது காலை ஆறு மணிக்கு, அவர் பூ போய்ச் சேர்ந்தது பத்து மணிக்கு. வரத்து கூடக்கூட விலை இறங்கும், மொட்டு வெயிலில் வாடினால் இன்னும் இறங்கும். இது பூக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் என் செய்தியில் மணி இல்லை. அன்றிலிருந்து விலையோடு மணியும் போடுகிறேன், ஆறுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. குறை சொல்கிறவர் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. அவர் சொன்ன காரணம் தப்பு, ஆனால் அவருக்கு வலித்த இடம் உண்மை.

ஓட்டெடுப்புக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் 2022 நவம்பர் வாக்கில் அந்த வசதி வந்ததும் ஆசையாக ஒன்று வைத்தேன். கேள்வி இதுதான்: அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி குரூப்பைப் பூட்டிவிடலாமா? குட்மார்னிங் படமும் கட்சிச் சண்டையும் தாங்க முடியவில்லை. எவனாவது எதையாவது போட்டால் அட்மினைத்தான் போலீஸ் பிடிக்கும் என்று வேறு பலர் பயமுறுத்தினார்கள். (அந்தப் பயம் தேவையில்லை. கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மின் வேலையை மட்டும் பார்த்தவரை இன்னொருவர் போட்ட பதிவுக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021 டிசம்பரில் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே சொல்லியிருக்கிறது.) ஐம்பது பேர் கூட ஓட்டுப் போடவில்லை, போட்டவர்களில் முக்கால்வாசி பூட்டச் சொன்னார்கள். பெரும்பான்மை சொல்லிவிட்டது என்று பூட்டினேன்.

ரெண்டே வாரத்தில் குரூப் செத்துப் போனது. விலையைப் பார்த்தார்கள், போனார்கள். இலையில் புள்ளி விழுந்திருக்கிறது என்று படம் போட்டுக் கேட்கிறவர் இல்லை, பதில் சொல்கிறவர் இல்லை. மறுபடி திறந்தேன். அந்த ஓட்டெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை அப்போது நான் யோசிக்கவில்லை. தன் பூவை வாங்குகிற கமிஷன் கடைக்காரர் 'பூட்டலாம்' என்று போட்ட பிறகு, அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிற விவசாயி எப்படி 'வேண்டாம்' என்று போடுவார்?

எங்கள் அம்மாவுக்கு மேலூர் பக்கம் ஊர். பெரியாற்றுத் தண்ணீர் கள்ளந்திரி வரைக்கும் இரு போகத்துக்கு வரும், அதைத் தாண்டி மேலூருக்கு ஒரு போகம்தான். தாத்தா கடைமடைக்காரர், வாய்க்காலின் கடைசியில் வயல். தலைமடைக்காரனைக் கேட்டால் தண்ணி நல்லா வருதுன்னுதான் சொல்வான், அவன் சொல்றது பொய்யில்லை, அவன் வயலுக்கு வருது என்பார். குரூப்பில் தினமும் பேசுகிற முப்பது நாற்பது பேரும் தலைமடைக்காரர்கள்தான். அவர்களிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். கடைமடையில் யார் இருக்கிறார்கள்? எழுதாதவர்கள். அதற்கும் அந்தப் பக்கம், குரூப்பை விட்டே போனவர்கள்.

2022 ஆகஸ்டிலிருந்து ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் செய்தி போகும், மற்றவர்களுக்குப் போகாது. அறுபது நாளுக்குள் போனவர்களின் பட்டியலைத் தேடிப் பார்க்கவும் முடியும். நான் வருடக்கணக்கில் அதைத் திறந்ததே இல்லை. போனால் போகட்டும், பூவை விட்டுவிட்டு வேறு வெள்ளாமைக்குப் போயிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆடி மாதம், வேலை குறைவாக இருந்த நேரம், அந்தப் பட்டியலைத் திறந்து பதினேழு பேருக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். திரும்பி வாங்க என்று கூப்பிடவில்லை, ஏன் போனீங்க என்று மட்டும் கேட்டேன்.

ஆறு பேர் சொன்னது, போன் நிறைந்துவிட்டது. அவ்வளவுதான். படமும் வீடியோவும் தானாக இறங்கி இறங்கி, மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டால்கூட போன் திணறுகிறதாம். தானாக இறங்குவதை நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது, அதை எப்படிச் செய்வது என்று பேசி அனுப்பினால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அதை நான் இத்தனை வருடமாகச் செய்யவில்லை. ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், மருந்து அளவு பற்றிக் கேட்டபோது "இதுகூடத் தெரியாம விவசாயம் பாக்குறீங்களா" என்று எவரோ எழுதிவிட்டாராம். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, போய்விட்டார். அந்தப் பேச்சு எங்கள் குரூப்பில்தான் நடந்தது, அன்றைக்கு நான் அதைப் பார்த்தேன், வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது போன் ஒரு அக்காவுக்கு. கணவர் இல்லை, முப்பது சென்ட் மல்லிகையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். முதலில் "ஒண்ணுமில்ல தம்பி, நேரமில்ல" என்றார். பூச்செடி எப்படி இருக்கிறது, சித்திரையில் விலை விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று பேசிக்கொண்டே போனதில், கடைசியில் சொன்னார். குரூப்பில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். அன்று இரவே அவர் நம்பருக்குத் தெரியாத ஆள் ஒருவன் "சாப்டீங்களா" என்று அனுப்பியிருக்கிறான். மறுநாளும். அதற்கு மறுநாள் போன். குரூப்பில் இருந்தால் நம்பர் எல்லோருக்கும் தெரியுமே.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'குறை இருந்தால் தயங்காமல் குரூப்பிலேயே சொல்லுங்கள்' என்று மாதாமாதம் எழுதுகிறவன் நான். இதை அந்த அக்கா எங்கே சொல்வார்? அறுநூறு பேர் முன்னாலா, அவனும் பார்க்கிற இடத்திலா? கேட்கிற இடத்தையே நான் தப்பாக வைத்திருக்கிறேன், அப்புறம் ஒருவரும் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அந்த ஆளை நீக்கினேன், அது ஒரு நாள் வேலை. மற்றதற்கு மூன்று மாதம் ஆனது. குரூப்பை வாட்ஸ்அப் கம்யூனிட்டியாக மாற்றினோம். அதில் அறிவிப்புப் பகுதியில் மட்டும் இருந்தால் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, அட்மினுக்குத்தான் தெரியும். விலை, மழை, மருந்து எச்சரிக்கை எல்லாம் அங்கே. பேச விரும்புகிறவர்களுக்குத் தனிக் குரூப். பெண்களுக்கு ஒன்று, அதை நடத்துவது ஒரு பெண் விவசாயி, அதில் நான் இல்லை. எழுத வராதவர்கள் எனக்குப் பேசி அனுப்பினால் பேர் போடாமல் கேள்வியை மட்டும் பொதுவில் போடுகிறேன்.

கேட்டதெல்லாம் செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கமிஷன் கடைக்காரர்கள் எல்லோரையும் வெளியேற்று என்று ஒரு கூட்டம் ரொம்ப நாளாகக் கேட்கிறது. மாட்டேன் என்று காரணத்தோடு எழுதினேன், விலை அவர்களிடமிருந்துதான் வருகிறது. மருந்துக் கடை விளம்பரத்துக்கு மாதம் பணம் தருகிறோம் என்றார்கள், அதற்கும் மாட்டேன். பூச்சிமருந்து அளவை யாரும் தன் அனுபவத்தில் சொல்லக் கூடாது, வேளாண் அலுவலரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் 1800-180-1551 கிசான் கால் சென்டருக்குப் போடுங்கள் என்று விதி வைத்தபோது மூத்தவர்கள் சிலருக்கு வருத்தம். அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினேன். மறுக்கலாம், ஆனால் பதிலே சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

தம்பி, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை போனவர்கள் பட்டியலைத் திறந்து போன் போடுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும், பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். அதோடு மாதம் ஒரு தடவை யார் தோட்டத்துக்காவது போய் நில்லுங்கள்.

நான் அப்படிப் போனது போன மாதம், விடியற்காலை நாலு மணி. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு எட்டுப் பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைத் தெரிந்துகொண்டு கேட்டார்: "பூ வெலை தெனமும் போடுறீகளாமே, பறிக்கூலி எந்தத் தோட்டத்துல எம்புட்டுன்னு போட மாட்டீகளா?" குரூப்பில் அவர் இல்லை. அவர்களில் ஒருவர்கூட இல்லை. பறிக்கூலியைப் பொதுவில் போட்டால் தோட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்காது. நானும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற ஆள்தான். கார்த்திகைக் கவாத்துக்கு முன்னால் என் தோட்டத்துக் கூலியை முதலில் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.