அடியில் மிங் எழுத்து இருந்தால் மிங் காலக் கிண்ணமா?

"பீங்கான் கிண்ணத்தின் அடியில் ஆறு சீன எழுத்துகள் இருந்தால் அது சீனாவின் மிங் அரச வம்சக் காலத்தது, 500 வருஷப் பழசு" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

அந்த எழுத்துகள் ஒரு பேரரசரின் ஆட்சிப் பெயரைச் சொல்கின்றன, அவ்வளவுதான். மிங் பேரரசர் செங்குவாவின் (1465–1487) பெயரை, சுமார் இருநூறு வருஷம் கழித்து அடுத்த வம்சத்துப் பேரரசர் காங்ஷி (1662–1722) காலத்தில், பீங்கானுக்குப் பேர்போன சீன நகரமான ஜிங்தெசென்னின் கைவினைஞர்கள் தாராளமாக எழுதினார்கள். எல்லாமே ஏமாற்று வேலை அல்ல. முன்னோர் கைத்திறனுக்குச் செய்த மரியாதையும் அதில் உண்டு. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் காங்ஷியின் பெயரையே அப்படி எழுத ஆரம்பித்தார்கள்.

எனவே எழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடி வளையத்தை விரலால் தடவுங்கள். நெடுங்காலம் புழங்கியது என்றால் விளிம்பு மழுங்கியிருக்கும். கீறல்கள் பல திசையில் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் பெரும்பாலும் ஒரே பக்கமாக வரிசைகட்டி நிற்கும்.

அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால், அது பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம்.