ஓமாஹா அருங்காட்சியகப் படம் குறித்து ஒரு திருத்தம்

மேலே ஒருவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஓமாஹா நகரின் டர்ஹாம் அருங்காட்சியகப் படத்தைப் போட்டு, "மேற்கத்திய (அமெரிக்க மேற்குப் பகுதி) பாரம்பரியத்துக்காகவே 1898-ல் கட்டிய அருங்காட்சியகம்" என்று எழுதியிருக்கிறார். இதில் ஆண்டும் தப்பு, நோக்கமும் தப்பு.

அது யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கட்டிய யூனியன் ரயில் நிலையம், 1931 ஜனவரியில் திறந்தது. 1898-ல் வந்தது தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பர்லிங்டன் நிலையம், குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். யூனியன் நிலையத்தை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீ ஹோட்டலைக் கல்லும் மரம்போலத் தோன்றும் கான்கிரீட்டுமாக வடிவமைத்த அதே ஆள், இங்கே முழுக்க ஆர்ட் டெக்கோ என்ற, நேர்கோடுகளும் வடிவியல் அலங்காரமும் கொண்ட பாணிக்கு மாறி, வெளிச்சுவருக்கு வெளிர் மஞ்சள் நிற மெருகிட்ட டெரகோட்டா (சுட்ட களிமண்) ஓடுகளைப் பதித்தார். வாசல்களுக்கு மேலே இருக்கும் சிலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், கௌபாய்கள் கிடையாது, இன்ஜின் ஓட்டுநர், மெக்கானிக் என்று ரயில்வே உழைப்பாளிகள். அதுதான் எனக்கு இந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்தது.

1971-ல் அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் வந்ததும் நிலையம் மூடப்பட்டது, 1973-ல் நகரத்துக்கு நன்கொடையானது, 1975-ல்தான் மேற்கத்திய பாரம்பரிய அருங்காட்சியகமாகத் திறந்தது. டர்ஹாம் பெயர் அதற்கும் அப்புறம், 90-களின் பெரிய சீரமைப்பை ஒட்டி வந்தது. "அருங்காட்சியகத்துக்காகக் கட்டியது" என்று சொன்னால், அந்த உயர்ந்த கூடத்தில் பெட்டியோடு ரயிலுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள். பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.