எல்லை தாண்டினால் எது கூட வரும், எது வராது

வேறு மாநிலத்துப் பெருநகரத்துக்கு வேலை மாறிப் போகிறவர்களிடம் எல்லோரும் ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா? நான் கரூரிலிருந்து பெங்களூருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாக வருகிற உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அலுவலகங்களுக்கும் கூடப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மூன்று கவலைகளும் சில மாதங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்காத கவலை ஒன்று உண்டு. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழையும்போது, நேற்றுவரை நமக்கிருந்த உரிமைகளில் சில நம்மோடு வருவதில்லை. எவையெவை வராது என்று யாரும் சொல்லி அனுப்புவதும் இல்லை. கையில் பணமுள்ளவர்களுக்கு அது வெறும் அலைச்சல். இல்லாதவர்களுக்கு, பிள்ளையின் படிப்பு வரைக்கும் போய் அடிக்கிற இழப்பு.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயர்ந்து வாழ்கிறவர்கள் சுமார் 5.4 கோடிப் பேர். கல்யாணமாகிப் போன பெண்கள், வேலைக்குப் போனவர்கள், பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் என்று எல்லோரும் அதில் அடக்கம். இத்தனை கோடிப் பேர் நடமாடுகிற நாட்டில், அரசு அலுவலகங்கள் மட்டும் ஒவ்வொருவரையும் அவரவர் பிறந்த மாநிலத்தின் பேரேட்டிலேயே வைத்துப் பார்க்கின்றன.

வீட்டு அட்வான்ஸ் பற்றி எல்லோரும் புலம்புவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது சில பகுதிகளில் குறைத்து வாங்குகிறார்கள். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் அது வெறும் மாதிரி. மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் செல்லும். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயம் இதைவிட எரிச்சலூட்டுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலில் சொந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டியின் சேசிஸ் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்த எண்ணை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். கடன் பாக்கியிருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதமும் தேவை. பிறகு புதிய மாநிலத்தில் சாலை வரியை மறுபடியும் கட்டிவிட்டு, பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரே வண்டி, ஒரே நாடு, இரண்டு வரி. திருப்பித் தருவதற்கு அவர்களுக்கு அவசரமில்லை.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 2021 செப்டம்பரில் பி.எச். என்ற எழுத்துகளைக் கொண்ட பாரத் பதிவெண் வந்தது. நல்ல ஏற்பாடு. யாருக்கு? ராணுவத்தினர், அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோருக்கு. சின்னப் பட்டறையில் வேலைக்கு வருகிறவருக்கும், சொந்தமாகக் கடை போட வருகிறவருக்கும் கிடையாது. யார் ஏற்கெனவே பலமாக நிற்கிறார்களோ அவர்களுக்கே எல்லை முதலில் திறக்கிறது. வண்டியில் மட்டுமா, எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ரேஷனை எடுத்துக்கொள்வோம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019 ஆகஸ்டில் ஆந்திரம்-தெலங்கானா, குஜராத்-மகாராஷ்டிரம் என்று இரண்டு ஜோடி மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அசாமும் சேர்ந்ததோடு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கைரேகை வைத்தால் எந்த ஊரிலும் தானியம் வாங்கலாம். ஏழைகளுக்கு இது பெரிய விஷயம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எல்லை தாண்டி வருவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியம் மட்டும். தமிழ்நாடு தன் செலவில் கொடுக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் ஊரிலேயே நின்றுவிடும். உங்கள் அட்டை முன்னுரிமை அல்லாத வகை என்றால் அரிசியும் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் சமாளிக்கக்கூடியவை. என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது சாதிச் சான்றிதழ் விவகாரம்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் அரசமைப்பின் 341, 342ஆவது பிரிவுகளின்படி மாநிலவாரியாக வெளியிடப்படுகின்றன. ஆகவே ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குப் போனால், அந்த மாநிலத்தின் கல்வி, வேலை இடஒதுக்கீட்டை அவர் கேட்க முடியாது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த ஒரு பழங்குடி மாணவர், தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதிலேயே மும்பைக்குப் போனார். அங்கேயே படித்து வளர்ந்து, 1985-இல் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அந்தத் தகுதி ஆந்திரத்தோடு நின்றுவிடுகிறது என்று 1990-இல் தீர்ப்பு வந்தது. 2018-இல் இன்னொரு ஐவர் அமர்வும் இதையே உறுதிசெய்தது. மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும்.

நீதிமன்றம் சொன்ன காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர் பட்டியல் மக்களின் பங்கை எடுத்துக்கொள்ளக்கூடாது. நியாயம்தான். ஆனால் அதன் விளைவைத் தாராவியில் போய்ப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் அங்கே வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தா 1955-இல் ரயில் ஏறியிருந்தால் கதவு மூடிவிட்டது. மும்பையில் பிறந்து, மும்பை மாநகராட்சிப் பள்ளியில் படித்து, மராத்தியில் கனவு காண்கிற பேத்திக்கும் அந்தக் கதவு திறக்காது. கூலி வேலைக்குப் போன மனிதன் எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தியிருப்பான்? குடிசைக்கு எவன் 1950-இல் ரசீது கொடுத்தான்?

வீட்டு உரிமையாளர் நம் சாதியை விசாரிக்கும்போது, அது எந்த மாநிலத்துப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டா வீட்டை மறுக்கிறார்? இழிவு எல்லை தாண்டி நன்றாகவே கூட வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு முடிந்துவிடாது என்று 2023-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. அவமதிப்பு கூடவே வரும் என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, படிப்புக்கான கைதூக்கல் மட்டும் ஏன் எல்லையில் நிற்க வேண்டும்? அந்த மாநிலத்திலேயே பிறந்து, அங்கேயே பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்த பிள்ளைகளுக்காவது, உள்ளூர்ப் பங்கைத் தொடாமல் கூடுதல் இடங்களை உருவாக்கிக் கொடுக்க நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும். 1950-ஐப் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனை தலைமுறையை நிற்க வைப்பது?

சாதி எதுவானாலும் எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பிள்ளையை எந்த வகுப்பில் இடம் மாற்றுகிறோம் என்பது. வேலை உத்தரவில் போட்டிருக்கும் தேதியைப் பார்க்கிறார்களே தவிர இதை யாரும் பார்ப்பதில்லை. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக மாநில ஒதுக்கீட்டு இடம் பெற, பொதுவான விதிப்படி ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் ஏழு ஆண்டுகளாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அழைத்து வந்தால் நான்கு ஆண்டுகள்தான் தேறும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலோ, எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதை வாங்கி வைக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு பார்க்கிறது. இடையில் இரண்டு ஆண்டு வெளியே படித்தால் அது போயிற்று. கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து, பிறகு ஊர் திரும்புகிறவர்களின் பிள்ளைகள் இழப்பது இதைத்தான். அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே இது கைநழுவுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பிள்ளையை மாற்ற வேண்டியிருந்தால், முடிந்தவரை ஒருவர் முன்னால் வந்து வேலையில் சேர்ந்துகொண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை குடும்பம் ஊரில் இருப்பதே மேல் என்பது என் கருத்து. பிரிந்திருப்பது வேதனைதான், தெரியும்.

சிறு வயதில் அழைத்து வந்தால் பிள்ளை கன்னடம் படிக்க வேண்டியிருக்கும். இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கர்நாடகம் 2015-இல் கொண்டுவந்தது. நாம் தமிழ் கற்றல் சட்டத்தை 2006-இலேயே கொண்டுவந்துவிட்டோம். நம் ஊரில் எது நியாயமோ அது இங்கேயும் நியாயம். கன்னடம் தெரியாமல் இந்த ஊரில் இருபது ஆண்டு ஓட்டிவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1991-லும் 2016-லும் காவிரிப் பிரச்சினையில் தமிழர்கள் அஞ்சி ஒடுங்கியிருந்த நாட்களை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த வீட்டுக்காரரிடம் அவருடைய மொழியில் பேசிப் பழகியிருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம் என்பதால், பின்னால் ஊருக்குத் திரும்ப நினைக்கும் பிள்ளைக்கு அது சோற்றுக்கான வழியும்கூட.

ஓட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் 30 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் வாக்களிக்கவில்லை. உள்நாட்டு இடப்பெயர்வு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தேர்தல் ஆணையமே சொன்னது. இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் ஆணையம் முன்வைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன, அத்தோடு நின்றது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். படிவம் 8 நிரப்பி ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வருகிறதா, சாக்கடை அடைக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவர் இந்த ஊர் எம்.எல்.ஏ. ஓட்டில்லாத ஐம்பது வீடுகள் இருக்கும் தெருவுக்கு அவர் ஏன் வர வேண்டும்?

இவ்வளவையும் தமிழ்நாட்டுக்கு வெளியே நின்று கேட்கிற நமக்கு, உள்ளே ஒரு கடமை இருக்கிறது. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இதே நிலையில் நிற்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பயந்து ரயில் ஏறியவர்களின் முகங்களைப் பார்த்தோம். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில், வேலைக்கு எடுக்கும்போது மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படி இல்லை. இதற்கு எதிராக நம் ஊரில் பெரிதாகக் குரல் எழவில்லை. 'வடக்கன்' என்று அவர்களைச் சொல்லும் வாய், பெங்களூரில் தன்னை ஒருவன் ஏளனமாக அழைத்தால் பொறுத்துக்கொள்ளுமா? பெருந்துறையில் தமிழ் படிக்கிற ஒடியாப் பெண் குழந்தையும், பொம்மனஹள்ளியில் கன்னடம் படிக்கிற தர்மபுரிப் பையனும் கேட்பது ஒரே உரிமையைத்தான்.

இந்த ஜூனில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், வீட்டுச் சாமான்களைக் கட்டுவதற்கு முன்னால் இ-சேவை மையத்துக்குப் போய் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் சாதிச் சான்றிதழையும் பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் விண்ணப்பித்தால், நீங்கள் இப்போது இங்கே குடியிருக்கவில்லையே என்று வி.ஏ.ஓ. கேட்பார், அதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். தந்தையின் பழைய சான்றிதழ், தாத்தாவின் பெயருள்ள பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் என எதையும் பழங்காகிதம் என்று எறியாமல் எடுத்து வாருங்கள். அலுவலகங்களில் என்ன கேட்பார்கள், எந்த வரிசையில் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.