டிகிரி கையில், சாவி யார் கையில்?

அத்துமீறி உட்கார்ந்தவரைச் சீக்கிரம் வெளியேற்றப் புதுச் சட்டம் என்றாலே, விசாரணைக்குத்தான் கெடு வைக்கிறார்கள். வழக்கு இழுப்பது பெரும்பாலும் டிகிரிக்கு, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குப் பிறகு, அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் ஈ.பி. எனும் நிறைவேற்று மனுவில்!

சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 35-இன்படி ஆமீன் எனும் நீதிமன்ற ஊழியர் போய், வென்றவரிடம் இடத்தை ஒப்படைக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தால் பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு இன்னொரு மனு. அதற்குள் யாரோ ஒருவர் "நான் வாடகைக்கு இருக்கிறேன்" என்று வந்து நிற்பார். விதி 101-இன்படி அவர் உரிமையையும் அதே நீதிமன்றமே விசாரிக்கும். அந்த உத்தரவுக்கும் அப்பீல் உண்டு. சொத்து விவரத்தில் சர்வே எண்ணோ நான்கெல்லையோ பிசகியிருந்தால் ஆமீன் வெறுங்கையோடு திரும்பிவிடுவார். இதை முதலிலேயே சரிபாருங்கள்.

ஈ.பி.யை 6 மாதத்தில் முடிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2025-இல் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8.8 லட்சம் மனுக்கள் நிலுவை. வென்றவரை இப்படி அலையவிடுவது என்ன நியாயம்?

சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியேற்றி 6 மாதம் ஆகவில்லையென்றால் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 6-இல் வழக்குப் போடலாம். அங்கே பத்திரம் யார் பெயரில் என்பது கேள்வியே இல்லை. அனுபவத்தில் இருந்தது யார் என்பதுதான். அதைக் காட்ட உதவும் மின் கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.