முதலில் தண்ணீர், பிறகு அறை

ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதி "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது" என்று போட்டுக்கொண்டால் நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர் அந்தத் தண்ணீரில் இறங்கிக் குளிக்க முடியுமா? அறைக் கதவின் அகலம், லிஃப்ட், கழிவறைக் கைப்பிடி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதிக்கு யாரும் தூங்குவதற்காகப் போவதில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு குளியல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, விடியற்காலையில் இன்னொன்று என்று குளிப்பதற்கே போகிறார்கள். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்து தருவது, கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்றுவிட்டுப் பந்தியில் உட்கார வைக்காமல் அனுப்புவது மாதிரி.

என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து வீல்சேர்தான். ஃபுகுவோகாவில் குடியிருக்கிறோம். கியூஷு தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊற்றுதான் என்பதால் லீவு கிடைத்தால் இதுதான் எங்கள் போக்கிடம். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

பொதுக் குளியல் கூடம் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அங்கே எத்தனை சரிவுப் பாதை போட்டிருந்தாலும் நான் அவரோடு உள்ளே போக முடியாது. விடுதி ஊழியர்களும் பெரும்பாலான இடங்களில் குளிப்பாட்டும் வேலையைச் செய்ய மாட்டார்கள். அது அவர்களுக்குப் பயிற்சி இல்லாத வேலை, குற்றம் சொல்ல முடியாது. அம்மாவைக் கூட்டிப்போகும் மகனுக்கும், அப்பாவைக் கூட்டிப்போகும் மகளுக்கும் இதே முட்டுக்கட்டைதான். கணவனும் மனைவியும், அல்லது குடும்பமாக, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற காஷிகிரி என்னும் தனிக் குளியல்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி.

அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். பல விடுதிகளில் காஷிகிரி ஒரு சொகுசு. முக்கால் மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம், அதற்குத் தனிக் கட்டணம். அவருக்கு உடை மாற்றி, குளியல் நாற்காலிக்கு மாற்றி, முதலில் உடம்பைக் கழுவி (கழுவாமல் யாரும் தொட்டியில் இறங்கக் கூடாது), தொட்டியில் இறக்கி, மறுபடி ஏற்றி, துவட்டி, யுகாத்தா என்ற பருத்தி அங்கியைக் கட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தண்ணீருக்குள் நிம்மதியாக இருந்தது அதில் கொஞ்ச நேரம்தான். மற்ற விருந்தினர்களுக்குப் பெரிய குளியல் கூடம் அறை வாடகையிலேயே அடங்கிவிடுகிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். எங்களுக்கு அந்தப் பெரிய கூடத்துக்குப் பதில் இதுதானே? அப்படியானால் இதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது, நேரத்தையும் இரட்டிப்பாகத் தர வேண்டும். நான் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சட்டம் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கேட்கும் நியாயமான மாற்று ஏற்பாட்டை, மிகையான சுமை இல்லாத பட்சத்தில் செய்து தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 1 முதல் தனியார் தொழில்களுக்கும் கட்டாயம். தொட்டிக்கு மேலே ஆளைத் தூக்கி இறக்கும் இயந்திரம் பொருத்துவது செலவுதான். ஒரு குடும்பமே நடத்தும் சின்ன ரியோகானிடம் (ஜப்பானியப் பாணி விடுதி) அதைக் கேட்க எனக்கு மனம் வராது. கூட ஒரு மணி நேரம் கேட்பதில் அப்படி என்ன சுமை?

2019 செப்டம்பர் முதல் இன்னொரு விதி இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேல் அறைகளோடு, 2,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் புதிதாகக் கட்டும் விடுதிகளில் 1 சதவீத அறைகளாவது வீல்சேருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு ஓர் அறை இருந்தாலே போதும். நல்ல மாற்றம்தான். ஆனால் வாசலில் படி, நடுவில் மரப்படிக்கட்டு, அறையெல்லாம் தாதாமிப் பாய் என்று இருக்கும் பழைய விடுதிகளை அது எட்டவில்லை. ஒன்சென் ஊர்களின் அழகே அந்தப் பழைய விடுதிகள்தான்.

இதில் ஒயிட்டா மாவட்டத்து பெப்பு எனக்கு எப்போதும் ஒரு படி மேலே. ஜப்பானிலேயே அதிக ஊற்றுகள் உள்ள ஊர், 2,000-க்கும் மேல். அந்த ஊரில் யுடாகா நகாமுரா என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். 1960-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குப் போய், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் விளையாட்டின் மூலம் எப்படி எழுப்பி உட்கார வைக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தவர். 1964 டோக்கியோ பாராலிம்பிக்கில் ஜப்பான் அணிக்குத் தலைமை தாங்கினார். மறுவருஷமே பெப்புவில் 'தாய்யோ நோ இயே' என்ற அமைப்பைத் தொடங்கினார், மாற்றுத்திறனாளிகள் வேலை பார்த்துச் சம்பாதிப்பதற்காக. தர்மம் வேண்டாம், வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் அதன் கொள்கை. ஒம்ரான், சோனி, ஹோண்டா எல்லாம் அதோடு சேர்ந்து தொழிற்சாலை வைத்தன. 1981 முதல் ஒயிட்டாவில் சர்வதேச வீல்சேர் மாரத்தான் நடக்கிறது.

இதற்கும் விடுதிக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெப்புவில் வீல்சேரில் போகிறவர் எப்போதாவது வரும் விருந்தாளி இல்லை. அந்த ஊர்க்காரர். கடையில் காய்கறி வாங்குகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர். அப்படிப்பட்ட ஊரில் நம்மைப் பார்த்து யாரும் பதறுவதில்லை என்பது என் அனுபவம்.

அங்கே நாங்கள் தங்கும் ஒரு விடுதியில் வாசலுக்குப் போனதும் பணிப்பெண் முழங்காலிட்டு, ஈரத்துணியால் வீல்சேரின் டயர்களைத் துடைப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்பதற்குச் சமம் அது. பிறகு என்னைப் பார்த்துப் பேசாமல் அவரைப் பார்த்தே கேட்பார்: "எந்தப் பக்கமாக மாறி உட்காருவீர்கள்?" வலது பக்கம் என்று சொன்னால் குளியலறையில் மாறி உட்காருவதற்கான பலகை வலது பக்கம் போடப்பட்டிருக்கும். தொட்டியின் விளிம்பு வீல்சேர் இருக்கையின் உயரத்துக்கே இருப்பதால் அவர் கையை ஊன்றித் தானே நகர்ந்துவிடுவார். காலை எடுத்து உள்ளே விடுவது மட்டும் என் வேலை. அதற்கு முன் தண்ணீரில் என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குச் சூடு தெரியாது, வெந்துபோனால்கூடத் தெரியாது. தண்ணீரின் சூட்டை எண்ணில் எழுதி வைப்பது இவர்களுக்கு உயிர் விஷயம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நீலப் பலகையில் வீல்சேர் படம் போடுவதை நான் நம்புவதில்லை. எனக்கு வேண்டியது சென்டிமீட்டர். கதவு எத்தனை, படி எத்தனை, தொட்டி விளிம்பு எத்தனை. மியெ மாவட்டத்தில் 2002-ல் தொடங்கிய இசெ-ஷிமா பேரியர் ஃப்ரீ சுற்றுலா மையம் இதைத்தான் செய்கிறது. விடுதிகளுக்கு நேரில் போய் ஆராய்ந்து தகவல் சேர்த்து வைத்துக்கொண்டு, நம்மிடம் முதலில் உங்களுக்கு என்ன செய்ய ஆசை என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற இடத்தைச் சொல்கிறார்கள். ஒருவருக்குத் தடையான படி இன்னொருவருக்குத் தடையில்லை. ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீல்சேரோடு நிறுத்திவிடவும் கூடாது. பார்வையற்றவர்களுக்காக ஜப்பானில் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு வைத்திருப்பார்கள். காவோ நிறுவனம் 1991-ல் தொடங்கி வைத்த பழக்கம். விடுதிக்காரர்கள் அழகுக்காக ஷாம்பு, கண்டிஷனர், உடம்பு சோப்பு மூன்றையும் ஒரே மாதிரி ஜாடியில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் தீர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்கள் தழும்பை மறைத்துக் குளிக்கத் தனி உடை இருக்கிறது. அவர்களை வரவேற்கும் விடுதிகள் 2012-ல் 'பிங்க் ரிப்பன்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. ஆனாலும் தொட்டியில் துணியோடு இறங்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முகச்சுளிப்புக்குப் பயந்தே வராமல் இருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

2003-ல் குமாமோட்டோ மாவட்டத்தின் குரோகாவா ஒன்செனில் ஒரு விடுதி, தொழுநோயிலிருந்து எப்போதோ குணமான முதியவர்களுக்கு அறை தர மறுத்தது. அவர்களை அடைத்து வைக்க வழிசெய்த சட்டம் 1996-லேயே நீக்கப்பட்டுவிட்டது. விடுதியின் மன்னிப்பை ஏற்க மறுத்ததற்காக அந்த முதியவர்களுக்கே வசைக் கடிதங்கள் குவிந்தன. மறுவருஷம் அந்த விடுதி மூடப்பட்டது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லாம் சாதாரண ஜனங்கள்தான். அதனால்தான் விடுதிக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. பக்கத்துத் தொட்டியில் குளிக்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு.

ஜப்பானுக்கு வயதான பெற்றோரையோ வீல்சேரில் இருப்பவரையோ கூட்டி வருகிறவர்கள், அறை பதிவு செய்யும் முன்பே காஷிகிரி உண்டா, எத்தனை நிமிஷம், தொட்டி விளிம்பின் உயரம் என்ன, குளியல் நாற்காலி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். பெப்பு பக்கம் நான் அளந்து குறித்து வைத்திருக்கும் விவரங்கள் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், தருகிறேன்.