விடை தெரிந்த சோதனைக்கு எதற்கு லேப்?

முதலாமாண்டு இயற்பியல் செய்முறை வகுப்பில் ஊசல் இருக்கிறது, ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ரெக்கார்ட் நோட்டு இருக்கிறது. சோதனை மட்டும் நடப்பதில்லை. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களிடம், ஊசலை ஆட்டி அதையே கண்டுபிடிக்கச் சொல்கிறோம். அவர்கள் என்ன செய்வார்கள்? 9.8-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அலைவு நேரத்தை (ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை) அட்டவணையில் நிரப்பிவிடுவார்கள். இதற்காக மாணவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதைத்தானே செய்கிறார்கள்?

இயற்பியல் கற்பித்தலை ஆராயும் நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் (இவர் 2001-இல் இயற்பியல் நோபல் பெற்றவர்) இருவரும் சகாக்களோடு இதை ஆராய்ந்தார்கள். விரிவுரையில் சொன்னதை உறுதிப்படுத்துவதற்காக நடத்தப்படும் லேப், அந்தப் பாடத்தின் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றது ஆய்வு. செய்முறை வகுப்புக்குப் போகிற நேரத்தையும் பணத்தையும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அதே ஊசலை வைத்து அருமையான வகுப்பு நடத்தலாம். ஒரு மீட்டர் நூல், ஒரு குண்டு. ஒரே ஒரு அலைவின் நேரத்தை ஆளாளுக்கு அளந்து பலகையில் எழுதச் சொல்லுங்கள். 1.8 வரும், 2.1 வரும், 2.3 கூட வரும். ஊசல் ஒன்றுதான், எண்கள் ஏன் இப்படிச் சிதறுகின்றன? கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், "பட்டனை அழுத்துற விரல்தான் சார் பிரச்சினை" என்பார். சரி, அந்த விரலையே அளப்போம். ஒருவர் ஸ்கேலைக் கீழே விழவிட, இன்னொருவர் பிடிக்கட்டும். 20 சென்டிமீட்டர் விழுந்த பிறகு பிடித்தால், அவருக்கு எதிர்வினை ஆற்ற 0.2 விநாடி ஆகியிருக்கிறது. அப்புறம் 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து 20-ஆல் வகுத்தால், அந்தத் தடுமாற்றமும் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. இதை நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பெரும்பாலும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி. ஊசலை அதிகமாக இழுத்துவிட்டால் அலைவு நேரம் மாறுமா? மாறாது என்றுதான் எல்லாரும் படித்திருப்பார்கள். கணிப்பை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இது முக்கியம். பிறகு 10 டிகிரியிலும் 30 டிகிரியிலும் இருபது இருபது அலைவுகள் அளக்கட்டும். 30 டிகிரியில், நாற்பது விநாடிச் சொச்சத்தில் சுமார் அரை விநாடி கூடுதலாக வரும். அலைவு நேரச் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டும் என்று புத்தகத்தில் ஓரமாக எழுதியிருந்த வரிக்கு அப்போதுதான் உயிர் வருகிறது.

உடனே வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்த அரை விநாடி ஊசலுடையதா, விரலுடையதா? திரும்பத் திரும்ப அளந்து, சராசரியையும் சிதறலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தச் சண்டை தீராது. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) என்ற சொல்லை நான் அறிமுகப்படுத்துவதாக இருந்தால் இந்த இடத்தில்தான் செய்வேன். நாமோ அறிவியலை ஒரு வகுப்பிலும் புள்ளியியலை வேறொரு வகுப்பிலும் நடத்துகிறோம். அங்கே எங்கிருந்து வந்தன என்றே தெரியாத பத்து எண்களுக்குத் திட்ட விலக்கம் காணச் சொல்கிறோம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

புள்ளியியல் ஆசிரியர்களிடையே ஒரு பழைய வித்தை உண்டு. பாதி வகுப்பு நாணயத்தை 100 முறை சுண்டி விடையை எழுதும். மீதிப் பாதி சுண்டாமலே மனசுக்குத் தோன்றியபடி 100 விடைகளை எழுதும். வெளியே போயிருந்த ஆசிரியர் திரும்பி வந்து தாள்களைப் புரட்டிப் பார்த்து, எது அசல், எது போலி என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அசலில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையாவது விழுந்திருக்க ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கற்பனையில் எழுதுகிறவருக்கோ நான்கு தலை சேர்ந்தாற்போல் எழுதவே கை கூசும். சமவாய்ப்பு (random) என்றால் 'நன்றாகக் கலந்திருப்பது' என்ற நம் எண்ணம் அங்கேயே உடைகிறது.

கூழாங்கல் சோதனையும் எனக்குப் பிடிக்கும். பெரிசும் சிறிசுமாக 100 கற்களைப் பரப்பி, மொத்தத்துக்கும் பொருத்தமான ஐந்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கச் சொன்னால், குழுவுக்குக் குழு சராசரி எடை உண்மையானதைவிடக் கூடுதலாகவே வரும். கண் பெரிய கல்லுக்குத்தான் போகும். குலுக்கல் முறையில் எடுத்தால் சில குழுக்களுக்குக் கூடும், சிலவற்றுக்குக் குறையும்.

இந்த மாதிரி வகுப்புகளால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் கல்லூரி அளவிலான அறிவியல், கணித, பொறியியல் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மாணவர்கள் பங்கேற்கும் வகுப்புகளில் சராசரித் தோல்வி 21.8 சதவீதம், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8.

ஆனால் மாணவர்கள் இதற்காக நமக்கு நன்றி சொல்லப் போவதில்லை. ஹார்வர்டின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே தடுமாறும்போது ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடும் கல்லூரிகளில், இந்த முறையை முயல்கிறவர் அடி வாங்கத்தான் செய்வார். முதல் வாரத்திலேயே இந்த ஆய்வை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

சிலபஸ் முடியாது என்கிறார்கள். முடியாதுதான். ஆறு சோதனைகளை அவசரமாக முடிப்பதைவிட இரண்டை உருப்படியாகச் செய்யலாம் என்பது என் கட்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை: கையில் பொருளைக் கொடுத்து ஆட விட்டாலே கற்றல் நடந்துவிடாது. முன்கூட்டியே கணிப்பு எழுதாமல், கடைசியில் வாதம் நடக்காமல் போனால் நாணயம் சுண்டுவதும் வெறும் பொழுதுபோக்கு. அந்த வகைக் கலகலப்பு வகுப்புகளை நிறையவே பார்க்கிறோம்.

ரெக்கார்டில் இறுதி விடைக்கு மதிப்பெண்ணே வேண்டாம். கணிப்பு என்ன, எண்கள் எவ்வளவு சிதறின, அதைப் பார்த்துவிட்டு அளக்கும் முறையில் எதை மாற்றினாய், இந்த மூன்றுக்கும் கொடுப்போம். அப்படிச் செய்தால் 9.4 வந்தவர் அதை 9.8 ஆக்கத் தேவையே இருக்காது. ஸ்டாப்வாட்ச் பற்றாக்குறை ஒரு பிரச்சினையே அல்ல, எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. மதிப்பெண் பங்கீட்டை மாற்றத்தான் பாடத்திட்டக் குழு சம்மதிக்க வேண்டும். அங்கேதான் வேலை அதிகம்.