தரிசு போடக் காசா? சிஆர்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் என்னென்ன செய்ய வேண்டும்

அமெரிக்காவில் நிலத்தைச் சும்மா போட்டு வைக்க அரசாங்கமே பணம் தருகிறதாம் என்று இங்கே அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். 1985 வேளாண் சட்டத்தில் வந்த சிஆர்பி (Conservation Reserve Program) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தையும் அதோடு வரும் பராமரிப்புத் திட்டத்தையும் படித்தால் அப்படி எழுத மனம் வராது.

மண் அரிக்கும் நிலத்தில் 10 முதல் 15 வருஷம் பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு அக்டோபரிலும் அரசிடமிருந்து வாடகை வரும். ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர்தான் உச்சம். நடவுச் செலவில் பாதி வரை அரசு தரும், மீதி நம் பை.

முதல் சறுக்கல் விதைப்பிலேயே. விதையளவை மூட்டை எடையில் சொல்லமாட்டார்கள், முளைக்கும் விதையின் எடையில்தான் சொல்வார்கள். சுத்தம் 80 சதம், முளைப்பு 75 சதம் என்றால் மூட்டையில் 60 சதம்தான் உருப்படி. 10 பவுண்டு தேவையென்றால் கிட்டத்தட்ட 17 பவுண்டு வாங்க வேண்டும். ஆழம் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம், அதற்குக் கீழே போனால் நாட்டுப் புல் தலைதூக்காது. மண் இறுகியிருக்க வேண்டும். பூட்ஸ் வைத்து நின்றால் அரை அங்குலத்துக்கு மேல் அழுந்தக் கூடாது. விதை மூட்டையின் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், என்ன விதைத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்தது அறுக்கும் எந்திரம். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அதை உள்ளே விடக் கூடாது. அந்தக் காலம் அயோவா மாநிலத்தில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை, கன்சாஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை. களை முளைத்தாலும் திட்டத்தை நடத்தும் வேளாண் துறை அலுவலகத்தின் அனுமதி வாங்கி, களை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கை வைக்கலாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அறுப்பது வருஷம் முழுக்கத் தடை. நிலம் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்ற பழக்கத்தில்தான் நல்ல விவசாயிகளும் இதில் மாட்டுகிறார்கள். இந்த விதியைத் தளர்த்தவே கூடாது என்பது என் கருத்து. புல்லுக்குள் முட்டையிடும் பறவைக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

மாட்டுத் தீவனத்துக்காகப் புல்லை அறுத்துக் காயவைக்கவும் முன் அனுமதி வேண்டும். அவசர நிலை இல்லாவிட்டால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான், அந்த வருஷ வாடகையில் 25 சதம் பிடிப்பார்கள்.

பெரிய அடி நிலத்தை விற்கும்போது விழும். வாங்கியவர் 60 நாளுக்குள் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் அது ரத்து. விற்றவர் அதுவரை பெற்ற வாடகை, நடவு மானியம் எல்லாம் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும், கூடவே ஒரு வருஷ வாடகையில் 25 சதம் அபராதம். ஏக்கருக்கு 150 டாலர், 100 ஏக்கர், ஏழு வருஷ வாடகை வாங்கியாயிற்று என்று வையுங்கள். வாடகை மட்டும் 1,05,000, அபராதம் 3,750 டாலர். வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்பார் என்பதைப் பத்திரத்துக்கு முன்பே விற்பனை உடன்படிக்கையில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு கறாரும் எனக்குச் சம்மதமே. சம்மதமில்லாதது ஒப்பந்தம் முடிகிற இடம். 2007-ல் 3.68 கோடி ஏக்கர் திட்டத்தில் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் ஏர் இறங்கியது. 2014 வேளாண் சட்டம் திட்டத்தில் சேரக்கூடிய நிலத்தின் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கருக்குக் குறைத்தது. பத்து வருஷம் கட்டிக் காத்த வேர் ஒரே பருவத்தில் போய்விடுகிறது. 2018 சட்டம் கொண்டுவந்த 30 வருஷ ஒப்பந்தம் தண்ணீர்த் தரம் காக்கும் நிலங்களுக்கு மட்டும்தான். செங்குத்தான சரிவு நிலங்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும்.